முட்டைக் கறைக்கு வெந்நீர்

மனுஷன் எவ்வளவு அசிங்கம் பிடித்தவன் என்று தெரிய வேண்டுமானால் ஒரு வாரம் சலவைக் கடையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். வெளியே கோட்டும் சூட்டும் கமகமவென்று சென்ட்டும். காலரைத் திருப்பினால் இரண்டு விரற்கடை அகலத்துக்குக் கறுப்பு. அவள் இருபது வருடமாகக் காலரைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். தெருவில் அவளுக்குப் பெயர் கறைக்காரி. கறை எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. யார் எதை நீட்டினாலும் முதலில் "சீ" என்று சொல்லிவிட்டு, கையுறையை மாட்டிக்கொண்டு, அப்புறம்தான் வாங்குவாள். ஆனால் வாங்காமல் விட்டதில்லை.

கடை நான்கு மாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்தது. முன்னால் ஒரு நீள மேசை, பின்னால் மூன்று மெஷின், கறை எடுக்கவென்று தனியாக ஒரு கல் மேடை. மேடைக்கு மேலே இரண்டு குழாய். நீலப் பிடி போட்டது பச்சைத் தண்ணீர், சிவப்புப் பிடி போட்டது வெந்நீர். தன் தொழில் மொத்தமும் அந்த இரண்டு பிடிக்கு நடுவில்தான் இருக்கிறது என்பாள். எண்ணெய்க்கும் காபிக்கும் சிவப்பு. ரத்தம், பால், முட்டை, வாந்தி இவற்றுக்கெல்லாம் நீலம். மாற்றித் திறந்தால் முட்டை துணியிலேயே வெந்துபோகும். வெந்தது நூலோடு நூலாகிவிடும். அதற்கப்புறம் அந்தத் துணியைத் தரை துடைக்கத்தான் எடுக்கலாம்.

அதனால்தான் ஒவ்வொரு துணிக்கும் ஒரு மஞ்சள் சீட்டு. அதில் மூன்று கேள்வி. என்ன கறை? எப்போது பட்டது? வீட்டில் என்ன செய்தீர்கள்? இந்த மூன்றுக்கும் நேராகப் பதில் சொல்கிற மனிதர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். ரத்தத்தைக் கொண்டுவந்து தக்காளி என்பார்கள். சாராயத்தைக் கொட்டிக்கொண்டு பழரசம் என்பார்கள். கறையைக் கேட்டால் கதையைச் சொல்வார்கள்: மச்சினன் வந்திருந்தான், கரண்ட் போய்விட்டது, பக்கத்தில் இருந்தவன் தள்ளிவிட்டான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கூட்டம். கேட்டுக் கேட்டுச் சலித்து ஒருநாள் அவளே ஒரு அட்டையில் எழுதி மாட்டிவிட்டாள்: "கறையைச் சொல்லுங்கள். காரணம் வேண்டாம்."

இப்படிப்பட்டவளுக்குக் கல்யாணம் எப்படி ஆகும்? மூன்று பேர் வந்து பார்த்தார்கள். முதலாமவன் விரலை நக்கி ஓட்டல் மெனுவைத் திருப்பினான். இரண்டாமவன் பல் குத்திய குச்சியை வெளிச்சத்தில் பிடித்து ஆராய்ந்தான். மூன்றாமவனிடம் ஒரு குறையும் தெரியவில்லை. தங்கமான ஆள் என்று அவள் நினைக்கத் தொடங்கிய நேரத்தில் பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்தான். அதில் பழைய சளி இருந்தது. அதன் மேல் இஸ்திரியும் போட்டிருந்தது. துவைக்காமல் இஸ்திரி போட்டிருக்கிறான் என்பதை நினைத்து அவள் இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதோடு அந்த அத்தியாயத்தை மூடிவிட்டாள். இப்போது முப்பத்தெட்டு வயது. கடைக்கு மேலே முதல் மாடியில் தனிக் குடித்தனம். பாத்திரம் கழுவும் தொட்டி எந்நேரமும் காய்ந்து கிடக்கும். நிம்மதியாகத்தான் இருந்தாள், வேன்காரன் வரும்வரைக்கும்.

அவன் வந்தது ஐந்து வருடத்துக்கு முன்னால். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். ஒரு பெரிய கறுப்புப் பையை இடுப்பு உயரத்துக்குத் தூக்கிக்கொண்டு, இன்னொரு கையில் இரண்டு வயதுப் பெண் குழந்தையை இடுக்கிக்கொண்டு உள்ளே நுழைந்தான். பையில் வேன் இருக்கைகளின் உறைகள். மூடியிருக்கும்போதே நாற்றம் கூரையைப் பிய்த்தது. அவள் சீ என்று சொல்லிவிட்டு மஞ்சள் சீட்டை எடுத்து, என்ன கறை என்று கேட்டாள்.

"வாந்தி. ரெண்டு பிள்ளைங்க. எட்டேகாலுக்கு ஒண்ணு, எட்டரைக்கு ஒண்ணு. முதல் பிள்ளை பால், ரெண்டாவது முட்டை. முதல் பிள்ளையோடதைப் பார்த்துதான் ரெண்டாவதுக்கு வந்துச்சு. வீட்டுல பச்சைத் தண்ணியில அலசினேன், வேற ஒண்ணும் பண்ணல."

கறைக்காரியின் பேனா அப்படியே நின்றது. பதினைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு வாக்குமூலத்தை அவள் கேட்டதில்லை. வயிற்றைக் குமட்டியது. கூடவே, இந்த ஆளிடம் பொய் கிடையாது என்று ஒரு மரியாதையும் வந்தது. உறைகளைப் புதிது போல ஆக்கிக் கொடுத்தாள். அடுத்த வாரமும் வந்தான், அதற்கடுத்த வாரமும் வந்தான். பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருக்கும்வரை வாந்திக்குப் பஞ்சமில்லை. போகப்போகப் பேச்சு நீண்டது. குழந்தைக்கு ஒன்றரை வயதாக இருக்கும்போது மனைவி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள் என்பதையும் அவன் அதே மாதிரி, என்ன, எப்போது, என்ன செய்தோம் என்று மூன்றே வரியில் சொன்னான். அவளும் அதற்கு மேல் கேட்கவில்லை.

குழந்தை பள்ளிக்கூடம் போகத் தொடங்கியதும் ஒரு ஏற்பாடு தானாக அமைந்தது. மூன்றரை மணிக்கு முதல் நடையில் மகளைக் கடையில் இறக்கிவிட்டு அவன் இரண்டாம் நடைக்குப் போவான். ஐந்தரைக்குத் திரும்பி வந்து, மூவருமாகத் தேநீர் குடித்துவிட்டு, அப்பாவும் மகளும் வீட்டுக்குப் போவார்கள். வாண்டுக்குக் கல் மேடைக்குப் பக்கத்தில் ஓர் உயர முக்காலி. அதில் ஏறி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும். எழுதி முடித்தால் மஞ்சள் சீட்டுகளை வாசிக்கும். ஏழு வயதில் அதற்கு வாய்ப்பாடு மூன்றுக்கு மேல் வராது. எந்தக் கறைக்கு எந்தக் குழாய் என்று கேட்டால் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்லும்.

கறைக்காரியை என்னவென்று கூப்பிடுவது என்பதில் ஒரு சின்னத் தகராறு இருந்தது. வேன்காரனின் அக்கா ஒருமுறை கடைக்கு வந்தபோது, "அத்தைன்னு கூப்பிடு" என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள். கறைக்காரிக்கு அது வேப்பங்காயாகக் கசந்தது. நான் என்ன இவனுக்குக் கூடப்பிறந்தவளா என்று அன்று முழுக்க மெஷினோடு சண்டை போட்டாள். ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்துப் பார்த்திருக்க வேண்டும், யோசிக்கவில்லை. பிள்ளை அதுவாகவே ஒரு பெயரைக் கண்டுபிடித்தது. கடைம்மா. அதை அவள் மறுக்கவில்லை.

வேன்காரன் நல்லவன் என்பதற்காகச் சுத்தமானவன் என்று எண்ணிவிட வேண்டாம். வண்டிச் சாவியால் காது குடைவான். குடைந்துவிட்டு அதே சாவியால் வண்டியை எடுப்பான். மகள் பாதி மென்று வேண்டாம் என்று துப்பியதை, வீணாகப் போகிறதே என்று வாயில் போட்டுக்கொள்வான். தும்மினால் தெருமுனை நாய் எழுந்து நிற்கும். தேநீரை அவன் உறிஞ்சுகிற சத்தத்தில் மெஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. அவள் ஒவ்வொன்றுக்கும் சீ என்பாள். அவன் சிரிப்பான். அவனுக்கென்று தனியாக ஒரு கோப்பை வைத்திருந்தாள். அதைத் தனியாக, மூன்று தரம் கழுவி, கவிழ்த்து வைப்பாள். ஐந்து வருடத்தில் அந்தக் கோப்பை ஒரு நாள்கூட ஈரமில்லாமல் இருந்ததில்லை என்பதை மட்டும் அவள் கணக்கில் எடுக்கவே இல்லை.

ஒரு வியாழக்கிழமை தேநீர் ஆறுகிறது, அவன் உறிஞ்சவில்லை. அதிலேயே அவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு, அக்கா ஒரு இடம் பார்த்திருக்கிறாள் என்றான். பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறவளாம். கணவனைப் பிரிந்து சில வருடமாகிறதாம். பிள்ளை இல்லையாம், பிள்ளைகள் என்றால் பிடிக்குமாம். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டுப் போனை நீட்டினான்.

கறைக்காரி கையுறையைக் கழற்றாமலே போனை வாங்கிப் பார்த்தாள். வெள்ளைச் சட்டை. வெள்ளைப் பல். படத்தை விரலால் பெரிதாக்கி, காலர், கைப்பட்டி, அக்குள் என்று தொழில்முறையாகச் சோதித்தாள். ஒரு பொட்டு அழுக்கு இல்லை. இருபது வருடத்தில் அழுக்கில்லாத சட்டையைப் பார்த்து அவளுக்கு வயிறு குமட்டியது அதுதான் முதல் தடவை.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டான்.

"நான் என்ன சொல்றது? பல்லு நல்லாயிருக்கு."

"அவ்வளவுதானா?"

"உங்க காதுக் குடைச்சலை அங்க போய்க் காட்டாதீங்க. சாவியை வண்டியிலயே விட்டுட்டுப் போங்க."

அவன் போனைத் திரும்ப வாங்கிப் பையில் போட்டான். அப்புறம் மகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். கோப்பையில் தேநீர் அப்படியே இருந்தது, மேலே ஆடை படிந்திருந்தது. அதைத் தொட்டியில் ஊற்றும்போது அவளுக்குச் சீ என்று வந்தது. எதைப் பார்த்துச் சொன்னோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவன் மறுபடி வந்தான். கையில் ஒரு இளநீலச் சட்டை. அவனிடம் இருப்பதிலேயே உருப்படியானது அதுதான். வாண்டு அதைப் போட்டுக் காட்டச் சொல்லி அடம் பிடித்திருக்கிறது; அவனும் போட்டிருக்கிறான்; காலைச் சாப்பாட்டு மேசையில் அரைவேக்காட்டு முட்டையோடு பிள்ளை அவன் மேல் பாய்ந்திருக்கிறது. இடது நெஞ்சில், சட்டைப் பைக்கு மேலே, உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சள். அவள் சீட்டு எழுதினாள். முட்டை. இன்று காலை. ஒன்றும் செய்யவில்லை. இதைவிடச் சுலபமான கறை உலகத்திலேயே கிடையாது. பச்சைத் தண்ணீரில் பத்து நிமிஷம், சோப்பில் ஐந்து நிமிஷம். வாண்டை விட்டுவிட்டுப் போங்கள், மதியம் வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டாள்.

சட்டையைக் கல் மேடையில் விரித்தாள். கத்தி முதுகால் மேலாக இருந்ததைச் சுரண்டி எடுத்தாள். அதுவரைக்கும் கை ஒழுங்காகத்தான் இருந்தது. மனம்தான் எங்கேயோ ஒரு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தது. அந்தப் பல்லுக்காரி, பிள்ளைக்கு வாய் துடைத்துவிடுகிறாள். அவனுக்குக் காது குடைய பஞ்சு சுற்றிய குச்சி வாங்கி வைக்கிறாள். திங்கட்கிழமை மூன்றரைக்கு வேன் கடை வாசலில் நிற்காமல் நேராகப் போகிறது. எதற்கு நிற்க வேண்டும்? வீட்டில்தான் ஆள் இருக்கிறதே. முக்காலி ஓரமாகக் கிடக்கிறது, அதன் மேல் யாரோ துணி மூட்டையைத் தூக்கி வைக்கிறார்கள்.

"கடைம்மா, அது முட்டை."

"தெரியும்."

"நீங்க சிவப்பைத் திறந்திருக்கீங்க."

கறைக்காரி குனிந்து பார்த்தாள். கை சிவப்புப் பிடியில் இருந்தது. சட்டையிலிருந்து ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. வேகவைத்த முட்டை நாற்றம் குப்பென்று மூக்கில் ஏறியது. அவள் பிடியைத் திருகி மூடினாள். மூடி என்ன செய்ய? மஞ்சள், பழுப்பாகி நூலோடு நூலாக உட்கார்ந்துவிட்டது.

மதியம்வரை அவள் படாத பாடு பட்டாள். தெரிந்த மருந்தெல்லாம் போட்டாள். கறையின் ஓரம் கொஞ்சம் வெளுத்தது, நடு அசையவில்லை. யானைக்கும் அடி சறுக்கும் என்று சொல்லிப் பார்த்தாள்; மனம் ஒப்பவில்லை. சறுக்கினால் கால் சறுக்கும், இப்படிக் குறி பார்த்தா சறுக்கும்? நேற்றுச் சேர்ந்த வேலைக்காரி செய்திருந்தால் கன்னத்தில் அறைந்திருப்பாள். தெரிந்து செய்தாளா தெரியாமல் செய்தாளா என்பது அவளுக்கே விளங்கவில்லை. ஆனால் ஆவி எழும்பியபோது அடிவயிற்றில் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்ததே, அது அவளுக்குத் தெரியும். இத்தனை வருடம் ஊரார் துணியில் பார்த்த அத்தனை அசிங்கத்திலும் அதுதான் படு அசிங்கம்.

அவன் வந்து சட்டையை விரித்துப் பார்த்தபோது, அவள் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முட்டை மட்டும்னா போயிருக்கும். எண்ணெயும் கலந்திருக்கு போல" என்றாள்.

சொன்னவள், சுவரில் மாட்டியிருந்த அட்டைப் பக்கம் திரும்பவில்லை. முக்காலியில் உட்கார்ந்திருந்த வாண்டு பென்சிலை வாயில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தது. அவன் சட்டையை மடித்து, பரவாயில்லை, கையை இப்படி வைத்து மறைத்துக்கொள்கிறேன் என்று நெஞ்சில் கை வைத்துக் காட்டிச் சிரித்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்து அவளுக்குத் தன் மேலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது. இருந்தும் கீழே இறங்கி வந்து, ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷை எடுத்து இரண்டு குழாயையும் தேய்த்தாள். நீலத்தில் கொஞ்சம்தான் உப்புப் படிந்திருந்தது. சிவப்பில் மூன்று அடுக்கு. அடிக்கடி திறக்காதது அழுக்குச் சேரத்தானே செய்யும். தேய்க்கத் தேய்க்க ஒன்று தெளிவாகிக்கொண்டே வந்தது. அவளுக்குப் பொறாமை. வேறு நல்ல பெயர் வைத்து மறைக்க வழியில்லை. அந்த உறிஞ்சல் சத்தம் இல்லாமல் இனித் தேநீர் தொண்டையில் இறங்காது. காதில் சாவியை விட்டுக் குடைகிற ஒருவன் மேல் ஆசை வைத்திருக்கிறோம் என்று நினைக்க அவளுக்குக் குமட்டியது. குமட்டிக்கொண்டே அழுகையும் வந்தது.

ஆசைப்பட்டது குற்றமில்லை. பொய் சொன்னதுதான் குற்றம். அவனுக்கு நல்லது நடக்கப்போகிற இடத்துக்கு அழுக்குச் சட்டையோடு அனுப்பியாகிவிட்டது, அதையாவது ஒத்துக்கொள்ளலாம். ஒரு மணிக்குப் போனை எடுத்து அவன் எண்ணை அழுத்தினாள். மறுமுனையில் இரண்டு தரம் மணி அடித்தது. அவர்கள் இப்போது சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு வந்ததும் நெருப்பைத் தொட்டது போலத் துண்டித்துவிட்டாள். அதன்பின் பிரஷ்ஷை எடுத்துத் தரை ஓரங்களைத் தேய்க்கத் தொடங்கினாள்.

மூன்று மணிக்கு வேன் சத்தம் கேட்டது. பாதி ஷட்டருக்கு அடியில் முதலில் வாண்டு குனிந்து வந்தது, பின்னால் அவன் வந்தான். இளநீலச் சட்டை, இடது நெஞ்சில் பழுப்பு வட்டம். வாண்டு முக்காலியில் ஏறவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அவன் உட்காரவில்லை.

"ஒரு மணிக்குக் கூப்பிட்டு ஏன் கட் பண்ணீங்க?"

"கை தவறிப் பட்டிருக்கும்."

அந்தக் கை தவறினதில் என்ன ஆனது என்று அவன் சொன்னான். போன் சாப்பாட்டு மேசை மேலேயே இருந்திருக்கிறது. அடித்தபோது அதில் வந்த பெயரை அந்தப் பெண் வாசித்துவிட்டாள். கறைக்காரியின் எண்ணை அவன் "சீ" என்றுதான் பதிந்து வைத்திருந்தான். யார் இது, இப்படி ஒரு பெயர் என்று அவள் சிரித்துக்கொண்டே கேட்டாள். அவனும் சும்மா இல்லாமல் விளக்கத் தொடங்கினான். இருக்கை உறையில் தொடங்கி, மஞ்சள் சீட்டு, இரண்டு குழாய், தனிக் கோப்பை, கைக்குட்டைக்கு இஸ்திரி போட்ட மாப்பிள்ளை என்று பேசிக்கொண்டே போனான். சாப்பாட்டு நேரத்தில் வாந்தியைப் பற்றி அரைமணி நேரம். அக்கா மேசைக்கு அடியில் இரண்டு தடவை காலை மிதித்தாளாம், அவனுக்கு உறைக்கவில்லை. கடைசியில் அந்தப் பெண் அவன் நெஞ்சைக் காட்டி, அவ்வளவு கெட்டிக்காரி என்றால் இந்தக் கறையை ஏன் எடுக்கவில்லை என்று கேட்டாள். அதில் எண்ணெய் கலந்துவிட்டது என்று அவன் சொன்னான். அப்போது வாண்டு கேக்கை வாயில் வைத்துக்கொண்டே, எண்ணெய் இல்லை, கடைம்மா சிவப்பைத் திறந்தாங்க என்று சொல்லிவிட்டது.

கறைக்காரி வாண்டைப் பார்த்தாள். வாண்டு தரையைப் பார்த்தது.

அதைக் கேட்டு அந்தப் பெண்தான் பேசினாள். முட்டைக்கு வெந்நீர் கூடாது என்று அவங்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். இருபது வருஷமாகத் தெரியும் என்றான். அப்படியானால் ஏன் ஊற்றினார்கள் என்று கேட்டாள். அவன் நெஞ்சிலிருந்த கறையைத் தடவிக்கொண்டிருந்தான். அவள் எழுந்துபோய் மீதிக் கேக்கை ஒரு டப்பாவில் போட்டு வாண்டின் கையில் கொடுத்து, உங்க அப்பா தப்பான வீட்டுக்குச் சாப்பிட வந்துட்டார் என்று சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டாள். நல்ல பெண் என்று அவன் உண்மையாகவே வருத்தத்தோடு சொன்னான். அக்கா அவனோடு பேசுவதில்லை என்று முடிவெடுத்து ஆட்டோ பிடித்துப் போய்விட்டாள்.

"இப்ப நான் கேக்குறேன். ஏன் ஊத்தினீங்க?"

"நான் ஊத்தல. பிள்ளை எதையோ பார்த்துட்டு எதையோ சொல்லுது."

"பிள்ளைக்கு அந்த ரெண்டு குழாயைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது. அதைச் சொல்லிக் கொடுத்தது நீங்க."

அவள் மேலே அட்டையைக் காட்டினாள். காரணம் வேண்டாம்.

"அது கடைக்கு வர்றவங்களுக்கு. எனக்கு இன்னிக்குக் காரணம்தான் வேணும். அஞ்சு வருஷமா கறையை மட்டும்தான் சொல்லியிருக்கேன். நானும் காரணத்தைச் சொல்லிடுறேன். மாசத்துல ரெண்டு தடவைதான் பிள்ளைங்க வாந்தி எடுக்குது. மத்த வாரமெல்லாம் நல்ல உறையைத்தான் கழட்டிக் கொண்டு வந்தேன்."

கறைக்காரிக்கு அது தெரியாதா? சீட்டு எழுதுகிறவளுக்கே தெரியாதா, சுத்தமான உறைக்கு ஐந்து வருடமாக "தூசி" என்று எழுதிக்கொண்டிருக்கிறோம் என்று? முகம் சூடேறியது. பயம் வந்தால் அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அருவருப்புதான், அதைப் பிடித்துக்கொண்டாள். அவனுடைய லட்சணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டாள். காது, சாவி, தும்மல், உறிஞ்சல், எச்சில் பண்டம். இதையெல்லாம் ஒருத்தி தினமும் வீட்டுக்குள்ளே பார்க்க முடியுமா? இவன் மேல் பட்ட சட்டையைத் தொட்டாலே தனக்கு இரண்டு தரம் கை கழுவ வேண்டியிருக்கிறது. பிறத்தியார் எச்சில், பிறத்தியார் வியர்வை, பிறத்தியார் வாந்தி இதெல்லாம் கையுறைக்கு அந்தப் பக்கம் இருக்கும்வரைதான் தன்னால் ஆகும், அதற்கு மேல் ஆகாது, தன் பிறவியே அப்படி. அவன் ஒரு வார்த்தை மறுக்காமல் கேட்டுக்கொண்டிருந்தான். கேட்கக் கேட்க அவன் முகம் வாடியது. எல்லாம் உண்மைதானே, என்ன சொல்லி மறுப்பான்? கடைசியில், சரி, பிள்ளை களைத்துப்போயிருக்கிறாள், கிளம்புகிறோம் என்று சொல்லிச் சாவியைக் கையில் எடுத்தான்.

அந்த நேரத்தில்தான் அவள் வாண்டைப் பார்த்தாள். மேல் உதடு வெளுத்திருந்தது. நெற்றியில் பொடிப்பொடியாக வியர்வை. தொண்டை ஒரு தரம் ஏறி இறங்கியது. நான்கு துண்டுக் கேக், அதன் மேல் ஒரு மணி நேர வேன். அப்பனுக்கு ஒன்றும் தெரியவில்லை. தெரிந்து அவன் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். கையுறை மேசையில், கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது. பக்கத்தில் வாளியும் இருந்தது.

கறைக்காரி இரண்டு வெறும் கையையும் சேர்த்து ஏந்தினாள்.

வெதுவெதுப்பாக, கேக்கும் முட்டையும் பாலும், ஒரு மணி நேரம் குலுங்கினது மொத்தமும் அவள் கைக்குள் வந்து விழுந்தது. நிரம்பி விரலிடுக்கில் வழிந்தது. முழங்கைவரை ஓடியது. வாண்டு இரண்டாம் முறையும் எடுத்தது. அவள் கையை இழுக்கவில்லை. பிள்ளையின் நெற்றியைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எல்லாம் ஓய்ந்ததும் வாண்டு கண்ணில் தண்ணீரோடு நிமிர்ந்து அவள் வாயையே பார்த்தது. சீ என்ற சொல் வரும், வாங்கிக்கொள்ளலாம் என்று காத்துக்கொண்டு நின்றது.

வரவில்லை. அப்பாவும் மகளும் காத்திருந்து பார்த்தார்கள், வரவே இல்லை.

"ஒண்ணுமில்லடா கண்ணு, எல்லாம் வந்திருச்சு" என்றாள் கறைக்காரி. அப்புறம், சாவியோடு மரமாக நின்றவன் பக்கம் திரும்பாமலே சொன்னாள். "என்ன பார்த்துட்டு நிக்கிற? வாளியில தண்ணி கொண்டா. நீலத்தைத் திற. சிவப்பைத் தொடாதே, நேத்து நான் திறந்தது போதும்."

அவன் சாவியை மேசையில் வைத்தான். கல் மேடைக்குப் போய் நீலப் பிடியைத் திருகி, தண்ணீர் குளிர்ந்திருக்கிறதா என்று இரண்டு தரம் விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, வாளியை அடியில் வைத்தான்.